படித்துறை உள்ள பக்கம்

ஐப்பசி மழையில் பாதி நனைந்து
நாலு பேர் வந்தார்கள்.
வரலாறு, இரண்டாமாண்டு.
"அண்ணா, அரசியலமைப்பு வேணும்.
புத்தகத்துல அச்சடிச்சது இல்ல,
முதமுதல்ல கையால எழுதுனது."

அன்றைக்குப் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள்.
சிட்டா, அடங்கல், பாஸ்புக்கோடு
திருத்துறைப்பூண்டியே என் கடை வாசலில் நின்றது.
தேசம் கொஞ்சம் பொறுக்கட்டும் என்றேன்.
மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூலில்
உட்கார்ந்து பொறுத்தது.

இருட்டிய பிறகுதான் தேடினோம்.
முதலில் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரம்.
அப்புறம் பத்து மதிப்பெண் வினா விடை.
முகவுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு
விற்கிறவன் ஒருவன், டெலிவரி இலவசம்.
ஆசிக் ஒரு கோப்பைத் திறந்தான்:
யாரோ தட்டச்சு செய்து யாரோ நகலெடுத்து
நாலாம் பக்கம் தலைகீழாக.
"இது இல்ல" என்றாள் யுவராணி.
"இதுல கை இல்ல."

ஏதோ ஒரு நூலகத்தின் அடிவயிற்றில்
கடைசியில் கிடைத்தது.
கனத்த கோப்பு.
கடைமடைக்கு மேட்டூர்த் தண்ணீர் வருவதுபோல
வந்தது, நின்றது,
வருமென்று சொல்லப்பட்டது, வந்தது.
தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.

ஒருத்தரும் எழுந்து போகவில்லை.
கொசு அடித்துக்கொண்டே இருட்டில்
ஒருவன் எண் சொன்னான், ஒருத்தி பொருள் சொன்னாள்.
பதினாலு? சமம்.
இருபத்தொண்ணு? உயிர்.
பதினேழு என்றபோது மட்டும்
எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பிறகு திரையில் விரிந்தது.
ஓரமெல்லாம் பொன் வேலை,
சாய்ந்த எழுத்து,
எங்கள் கண்ணுக்கு ஓர் அடித்தல்கூட இல்லை.
யுவராணி பதினைந்தில் நின்றாள்.
பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள்,
மை காகிதத்தில் ஊறிய இடம் தெரிகிறவரை.
கிணறு என்று படித்தாள்.
"டேங்க்னா?"
"குளம்."
அடுத்த சொல்லுக்கு என்னைக் கேட்கவில்லை.
வாய்க்குள் ஒரு கூழாங்கல்லைப் புரட்டி
அவளே சொன்னாள்:
"படித்துறை."

டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு
பாசி பிடித்த எங்கள் பதினோரு படி
எப்படித் தெரிந்தது?
அதற்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவன் நான்.
எந்தப் படியில் யார் கால் படலாம் என்று
அங்கே ஒரு சட்டம் இருந்தது.
யாரும் எழுதவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை,
எந்த நூலகத்திலும் தேடிக் கிடைக்காது.
ஆனால் என் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.
அவள் எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.
கேட்க வேண்டியதில்லை,
அவள் ஆதாருக்கு முகவரி தட்டியவன் நான்.

"இந்தப் பக்கம் மட்டும் கலர்ல."
பிரிண்டரில் நீலம் தீர்ந்திருந்தது.
புதுவெள்ளத்தின் நிறத்தில்
செக்கச்செவேலென்று வந்து விழுந்தது காகிதம்.
தூக்கிப் பார்த்தாள்.
"பரவால்லண்ணா, எழுத்து தெரியுது."

காசு வேண்டாம் என்று நாக்கு வரை வந்தது.
சொன்னால், பத்து ரூபாயில்
பழைய கணக்கொன்றை முடித்ததுபோல ஆகிவிடும்.
வாங்கி டிராயரில் போட்டேன்.

அவர்கள் போன பிறகு இன்னொன்று அடித்து
மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினேன்,
பட்டா மாறுதல் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்தில்.
காலையில் விளக்குடியிலிருந்து வந்தவர்
குனிந்து பார்த்தார்.
"இது என்ன மனு தம்பி, எவ்வளவு ஆகும்?"
மனு இல்லைங்க என்றேன்.
அவர் நம்பவில்லை.
ஈரச் சிட்டாவை மடிப்புப் பிரித்து
சரியாக அதன் மேலேயே வைத்தார்.